முதல் வாள் மாப்பிள்ளைக்கு

சாப்பாட்டு மேஜைமேல் பதினேழு ஆயுதங்கள் கிடந்தன. சாப்பிடத்தான் ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை அவற்றை நீள வரிசைப்படி அடுக்கியிருந்தார். இந்தக் கோடியில் வெல்வெட் உறையிலிருந்து வெளியே வந்த நீண்ட வாள். அந்தக் கோடியில் பென்சில் சீவும் பேனாக்கத்தி. நடுவில் ஒரு பட்டாக்கத்தி, ஒரு கைக்கோடரி, ஒரு குத்துவாள், ரொட்டி அறுக்கும் கத்தி, சமையலறைக் கத்திகள் நான்கு, அட்டைப்பெட்டி கிழிக்கும் கட்டர், எறிந்தால் போய்க் குத்தி நிற்கும் என்று பெட்டியில் எழுதியிருந்த சின்னக் கத்திகள் ஆறு. வாங்கிய அன்று எறிந்ததில் அந்த ஆறில் ஒன்றுகூடக் குத்தி நிற்கவில்லை. படுக்கையறைக் கதவில் இருக்கும் சிராய்ப்புகளே அதற்குச் சாட்சி.

அவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. எது எப்போது எரியும், எது எப்போது இடியும் என்று யோசிப்பதே பிழைப்பு என்பதால், உலகமே ஒரு நாள் கவிழும் என்று அவருக்கு ஒரு திடமான நம்பிக்கை இருந்தது. அந்த நாளுக்காக ஐந்து வருஷமாக ஒரு நோட்டுப் போட்டு எழுதி வந்தார். ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பக்கம். நீளம், எடை, பிடி, தலையைத் துண்டிக்கும் திறன் என்று நான்கு பத்திகள். கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மார்க். உறவுக்காரர்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. இப்போது மூன்று நாளாகச் செத்தவர்கள் தெருவில் நடக்கிறார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். "நான் அப்பவே சொன்னேன்" என்று மனுஷர் இதுவரை நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார். பயத்தில் உதடு வெளுத்திருந்தாலும் அந்த உதட்டோரத்தில் ஒரு சின்னப் பெருமை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பெரியவள் கவனித்தாள்.

பெரியவள் அவருடைய மனைவிக்கு அக்கா. இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு பிரிக்கும் வரிசையில் பதினான்கு வருஷம் நின்றவள். கொக்கியில் தொங்கி வரும் கால்களை மூட்டில் கழற்றிக் கீழே இருக்கும் பெட்டியில் போடுவது அவள் வேலை. ஒரு சூப்பர்வைசர் கடிகாரம் பிடித்துப் பார்த்து, ஒரு காலுக்கு எட்டு செகண்டு என்று அறிவித்த நாளிலிருந்து அங்கே அவளுக்குப் பெயரே எட்டு செகண்டுதான். கை எவ்வளவு வேகமோ வாய் அவ்வளவு மெதுவு. அவள் ஒரு நாளில் பேசுவதைத் தங்கை பல் தேய்ப்பதற்குள் பேசிவிடுவாள்.

கலவரம் தொடங்கியபோது அவள் ஷிஃப்டில் இருந்தாள். எல்லோரும் போட்டது போட்டபடி ஓடினார்கள். கத்தியை யாரும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சோதனை போடும் வாசல் காவலாளிதான் முதலில் ஓடியவர். அதனால் அவளுடைய இடுப்புப் பட்டையும், அதில் செருகியிருந்த ஆறங்குல எலும்புக் கத்தியும், இடது கைக்குப் போடும் இரும்பு வளையக் கையுறையும் அவளோடு வந்துவிட்டன. அவள் தன் வீட்டுப் பக்கமே போகவில்லை. நேராகத் தங்கை வீட்டு மூன்றாவது மாடிக்குத்தான் ஓடிவந்தாள். சின்னவள் போன வாரம் படியில் வழுக்கி விழுந்து, பாதத்திலிருந்து முழங்கால்வரை மாவுக்கட்டோடு கிடந்தாள்.

இன்று மத்தியானம் ரேடியோ சொல்லிவிட்டது. தீயணைப்பு நிலையத்திலிருந்து நாலு மணிக்குக் கிளம்புவதுதான் கடைசி வண்டி. அதற்குப் பிறகு இந்தப் பகுதிக்கு யாரும் வரமாட்டார்கள். கூடவே சில எச்சரிக்கைகளும் சொன்னது. கடிபட்டவருக்கு முதலில் பேச்சு நின்றுபோகும், அரை மணிக்குள் மற்றதெல்லாம் நடக்கும். கையிலோ காலிலோ கடிபட்டு, பத்து நிமிஷத்துக்குள் அந்த இடத்துக்கு மேலாக வெட்டி நீக்கியவர்களில் சிலர் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் பொதுமக்கள் தாங்களாக அதை முயல வேண்டாம். தெருவில் நடப்பவர்களை ரேடியோ பாதிக்கப்பட்டவர்கள் என்றது. மாப்பிள்ளை ஜாம்பி என்றார். பெரியவளுக்கு அதுங்க. சின்னவள் மட்டும் அவங்க என்றே சொன்னாள். கீழ் வீட்டு டைப்பிஸ்ட் அம்மா மூன்று நாளாகப் பின்கட்டுச் சுவரில் முட்டிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

தீயணைப்பு நிலையம் நானூறு அடி தூரம். சாதாரண நாளில் ஒரு பாட்டுக் கேட்டு முடிப்பதற்குள் போய்விடலாம். மணி இரண்டே முக்கால்.

"பதினேழு கத்தி இருக்கு, நறுக்கறதுக்கு ஒரு வெங்காயம் இல்ல" என்றாள் சின்னவள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

முதலில் மாப்பிள்ளைதான் எடுக்க வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அம்மா இருந்த காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்தில் முதல் நாற்காலி, முதல் காபி, மீனின் நடுத்துண்டு எல்லாம் மாப்பிள்ளைக்கு. அதே மாதிரி இன்னொரு பழக்கமும் உண்டு. அவரிடம் எதையும் ஒரு தடவைதான் சொல்வார்கள். இரண்டாவது தடவை சொன்னால் அது எதிர்த்துப் பேசுவதாகிவிடும். அம்மா போய் ஆறு வருஷம் ஆன பிறகும் பெரியவள் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

மாப்பிள்ளை வாளை எடுத்தார். நோட்டில் அதற்கு ஒன்பதரை மார்க். பெரியவளுக்குப் பட்டாக்கத்தியை நீட்டினார், அதற்கு எட்டரை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவரப் போகும் மனைவிக்குச் சமையலறைக் கத்திகளில் பெரியது. பெரியவள் இடுப்பில் இருந்த எலும்புக் கத்தியை அவர் நேற்றே அளந்து பார்த்து இரண்டு மார்க் போட்டிருந்தார். பேனாக்கத்திக்கே மூன்று.

வாளை அவர் ஒரு தடவை வீசிக் காட்டியபோது பெரியவள் காதில் ஒரு சத்தம் விழுந்தது. கைப்பிடிக்குள் ஏதோ க்ளிக் என்றது. பதினான்கு வருஷம் கத்தியோடு வாழ்ந்தவளுக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்குமா. பார்வைக்கு வைக்கிற வாள் அது. கைப்பிடிக்குள் இரும்பு கட்டைவிரல் நீளம்கூடப் போகாது. சுவரில் தொங்கினால் நூறு வருஷம் தாங்கும், எதிலாவது ஓங்கி அடித்தால் ஒரு அடி தாங்காது.

"கைப்பிடி கொஞ்சம் ஆடுற மாதிரி இருக்கே மாப்பிள்ளை" என்றாள்.

கொஞ்சம் ஆடினால்தான் அடி விழும்போது கை அதிராது, அது அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று அவர் விளக்கினார். அவள் தலையாட்டினாள். ஒரு தடவை சொல்லியாகிவிட்டது.

பிறகு அவள் இரும்புக் கையுறையை எடுத்து நீட்டினாள். மோதிரங்களைக் கோத்து நெய்த மாதிரி இருக்கும் அது. கத்தியே ஏறாது, பல் எங்கே ஏறப்போகிறது. முன்னால் போகிறவர் போட்டுக்கொள்வதுதான் நியாயம் என்று அவளுக்குப் பட்டது. மாப்பிள்ளை கையை நீட்டி அதை வாங்கப் போனார். முகத்துக்குக் கிட்டே வந்ததும் மூக்கு தானாகச் சுருங்கியது.

"வேணாம்க்கா, நீங்களே போட்டுக்குங்க. அந்த வாடைக்கு எனக்குத் தலைவலி வந்துரும்."

பெரியவளுக்கு முகம் சுண்டிப்போனது. வாடை விஷயம் புதிதல்ல. கல்யாணமான வருஷமே, அக்கா சமைக்க வேண்டாம், கை வாடை சாப்பாட்டில் ஒட்டிக்கொள்கிறது என்று அவர் மனைவியிடம் சொன்னது அடுத்த அறையில் இருந்தவள் காதில் விழுந்தது. எலுமிச்சை சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவிக்கொண்டு வந்து பரிமாறினாலும், அவள் கரண்டி கிட்டே வந்ததும் மனுஷர் இடது கையைத் தட்டுக்கு மேல் குடையாகப் பிடித்து "போதும்" என்பார். வயிறு பாதிதான் நிறைந்திருக்கும், அது எல்லோருக்கும் தெரியும். கெட்ட மனுஷர் இல்லை. சின்னவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்பவர். இந்த ஒன்றுதான். அவளும் அதற்காகக் கோபப்பட்டதில்லை, வலித்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போதும் வலித்தது. இன்னொரு தடவை வற்புறுத்தாமல் கையுறையைத் தன் கையிலேயே மாட்டிக்கொண்டாள்.

மூன்றேகாலுக்குக் கிளம்பினார்கள். மாப்பிள்ளையின் சக்கர நாற்காலி, அதாவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நோட்டு எழுதுகிற நாற்காலி, அதுதான் வாகனம். சக்கரம் சத்தம் போடாமல் இருக்கச் சின்னவள் ஐந்து சக்கரத்துக்கும் காலுறை மாட்டிக் கயிறு கட்டியிருந்தாள். படியில் பெரியவள் தங்கையை முதுகில் தூக்கிக்கொண்டாள். தொழிற்சாலையில் தூக்குகிறதைவிட நீ கனம் கம்மிதான் என்று காதருகே சொன்னாள். இதை வெளியே போய் யார்கிட்டேயும் சொல்லிடாதே என்றாள் சின்னவள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை முன்னால் இறங்கினார்.

தெரு காலியாகத் தெரிந்தது. கதவு திறந்தபடி நின்ற கார்கள், நடைபாதையில் ஒற்றைச் செருப்புகள், ஒரு மாடியிலிருந்து பாதி தொங்கிய துணி. தூரத்தில் நாற்சந்தியில் ஏழெட்டுப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். மாப்பிள்ளை வாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பெரியவள் பட்டாக்கத்தியை நாற்காலியின் முதுகுக்குக் குறுக்கே வைத்துப் பிடித்தபடி தள்ளினாள். நூறு அடி போனார்கள். நூற்றைம்பது. சின்னவள் மூச்சை அடக்கிக்கொண்டு நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தாள்.

அப்போதுதான் ஒரு சக்கரத்தின் காலுறை கழன்றது.

கடகடவென்று ஒரு சத்தம். இரண்டே இரண்டு சுற்றுதான், பெரியவள் நிறுத்திவிட்டாள். அது போதுமாக இருந்தது. நின்றிருந்த வேனுக்குப் பின்னாலிருந்து ஒருவன் வந்தான். பார்சல் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் போடும் சட்டை. தலையில் ஹெல்மெட்.

நோட்டில் எல்லாப் பக்கத்திலும் தலை, தலை என்றே எழுதிப் பழகியவர் மாப்பிள்ளை. ஹெல்மெட் போட்ட ஜாம்பிக்கு அதில் பக்கமே கிடையாது. அவர் கண்ணுக்குத் தலை தெரிந்தது, ஓங்கி அங்கேயே இறக்கினார். டணார் என்ற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. வாள் வழுக்கித் தோளில் விழுந்து, கைப்பிடியோடு இருந்த உறவை அந்த இடத்திலேயே முறித்துக்கொண்டது. அவர் கையில் மிஞ்சியது வெல்வெட் சுற்றிய பிடி மட்டும். ஹெல்மெட்டின் கண்ணாடி மேலே ஏறியிருந்தது. வாய் திறந்திருந்தது. அவர் முகத்தை மறைக்க இடது கையைத் தூக்கினார்.

பெரியவள் நாற்காலியை வேன் பக்கம் தள்ளிவிட்டாள். பட்டாக்கத்தியோடு இரண்டே எட்டில் அங்கே போய்க் குனிந்து, முழங்காலுக்குப் பின்னால் இழுத்தாள். எலும்போடு சண்டைக்குப் போகக் கூடாது என்பதுதான் அவள் தொழிலின் அரிச்சுவடி. நிற்க வைக்கிற நரம்பு போனால் எதுவும் நிற்காது. அது சரிந்தது. சரிந்தும் விடாமல் அவள் கையைப் பிடித்துக் கடித்தது. இரும்பு வளையங்களில் பற்கள் கரகரவென்று உரசின. ஒரு பல் உடைந்து கீழே விழுந்தது. அவள் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கையை உருவிக்கொண்டபோது, இந்த வளையங்களுக்குள் இருந்திருக்க வேண்டியது தன் கை இல்லை என்பது அவளுக்கு நெஞ்சில் இடித்தது.

நாற்சந்தியில் நின்றவர்கள் திரும்பிவிட்டார்கள்.

பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு ஷட்டரைத் தரைவரை இறக்கினார்கள். மங்கலான வெளிச்சத்தில் இரண்டு ஜெராக்ஸ் மிஷின்கள், தாள் கட்டுகள், சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம். மணி மூன்று முப்பத்தொன்று. பின்பக்கம் சந்துக்குப் போகிற கதவு ஒன்று இருந்தது. நல்லவேளை என்று சின்னவள் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பியவள் கணவன் இடது கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல, கீறல்" என்றார் அவர்.

"காட்டுங்க."

சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கை ஓரத்தில், நான்கு பற்களின் அடையாளம். ரத்தம் மணிக்கட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

சின்னவள் கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும் வேகவேகமாகப் பேசினார். தன் பெயர், அப்பா பெயர், கம்பெனி விலாசம், வண்டி நம்பர் எல்லாவற்றையும் ஒப்பித்தார். முதலில் பேச்சுதான் போகும் என்று ரேடியோ சொன்னதே, இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு, கடிபட்டு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும், எட்டு நிமிஷம் மிச்சம் என்றார். இன்ஷூரன்ஸ்காரர் இல்லையா, அந்த நேரத்திலும் கணக்கு தப்பவில்லை. பெரியவள் கையிலிருந்த பட்டாக்கத்தியைக் காட்டி, ஜெராக்ஸ் மிஷின் மூடிமேல் கையை நீட்டி வைத்தார்.

"ஒரே வெட்டு. எட்டரை மார்க் போட்டது அது. போடுங்கக்கா."

"இது வேணாம்" என்றாள் பெரியவள்.

"நேரம் இல்ல. போடுங்க."

"வேணாம் மாப்பிள்ளை." இரண்டாவது தடவையாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. ஆனால் நிறுத்தவில்லை. "இது இப்பதான் அது உடம்புக்குள்ள போயிட்டு வந்திருக்கு. அதுவும் இல்லாம இது எலும்பை உடைக்கும், பிரிக்காது. ஒரு வெட்டுல முடியாது, மூணு நாலு விழும். நான் உங்களை அப்படி வெட்ட மாட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் அவளை அவர் இப்படி நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அப்ப எதுன்னு நீங்களே எடுங்க" என்றார்.

அவள் இடுப்பிலிருந்து எலும்புக் கத்தியை உருவினாள். இரண்டு மார்க் கத்தி. இந்த மூன்று நாளில் அதை அவள் வெளியிலேயே எடுக்கவில்லை, சுத்தமாக இருந்தது. மிஷின் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரிட் பாட்டில் அலமாரியில் இருந்தது. அதைக் கத்திமேல் ஊற்றினாள், அவர் மணிக்கட்டில் ஊற்றினாள். இடுப்புப் பட்டையை அவிழ்த்து முழங்கைக்குக் கீழே சுற்றி, கடையிலிருந்த இரும்பு ஸ்கேலைச் செருகி முறுக்கினாள், அவர் விரல்கள் வெளுக்கும்வரை முறுக்கினாள். ஸ்கேலைச் சின்னவள் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் கணவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவர் வாயில் பெரியவள் ஒரு தாள் கட்டை மடித்துத் திணித்தாள்.

பிறகு கையுறையைக் கழற்றினாள். வேறு வழியில்லை. மூட்டைக் கண்ணால் தேட முடியாது, வெறும் விரலால்தான் தேட வேண்டும். ஸ்பிரிட்டை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கை ஒரு கணம் பின்வாங்கப் பார்த்தது. வழக்கமான பின்வாங்கலா வலியா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அந்தக் கை அப்படியே அவள் கையில் அடங்கிக் கிடந்தது.

அவளுக்குப் பயமாக இருந்தது. மாட்டுக்கால் மூட்டு அவளுக்குத் தன் வீட்டு வாசல் மாதிரி, இருட்டில்கூடத் திறப்பாள். இது வேறு. தோலுக்கடியில் கூழாங்கற்கள் மாதிரிச் சின்னச் சின்ன எலும்புகள் நகர்ந்தன. எந்த இரண்டுக்கு நடுவில் போவது. ஷட்டரில் ஒரு கை தட்டியது, அதற்குப் பிறகு பல கைகள். அவள் அவர் கையைக் கீழ்ப்பக்கமாக மெல்ல வளைத்தாள். கட்டைவிரலை அந்த மேட்டின்மேல் நகர்த்தினாள். ஒரு இடத்தில் விரல் லேசாக உள்ளே இறங்கியது. முன்னங்கை எலும்பு முடிகிற இடம். இதுதான் வாசல்.

"மூச்சை விடுங்க மாப்பிள்ளை" என்றாள்.

எட்டு செகண்டு ஆகவில்லை. ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஆனது. தாள் கட்டுக்குள்ளிருந்து வந்த சத்தத்தை அவள் கேட்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆனால் கத்தி ஒரு தடவைகூட எலும்பில் முட்டவில்லை. முடிந்தபோது மணி மூன்று முப்பத்தெட்டு. சின்னவள் தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். அவர் மயங்கியிருந்தார்.

நாற்காலி ஒன்று, நடக்க முடியாதவர்கள் இரண்டு பேர். மாப்பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் மடியில் சின்னவளை உட்காரவைத்தாள் பெரியவள். கட்டுப் போட்ட கையை உயரத் தூக்கிப் பிடிப்பது சின்னவள் பொறுப்பு. பின்கதவு வழியாகச் சந்து. ஷட்டரில் சத்தம் கேட்கக் கேட்க எல்லாம் முன்பக்கம் கூடிவிட்டதால் சந்தில் ஒன்றும் இல்லை. சக்கரம் கடகடத்தது, அவள் கவலைப்படவில்லை. பதினான்கு வருஷம் இறைச்சி வண்டி தள்ளிய கைகள் இந்த இரண்டு பேரையும் ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போயின.

தீயணைப்பு நிலைய வாசலில் ஒரு பெண் அதிகாரி டார்ச் அடித்துக் கட்டைப் பார்த்தார். கடித்து எவ்வளவு நேரத்தில் எடுத்தீர்கள் என்று கேட்டார். ஒன்பது நிமிஷம் என்றாள் சின்னவள். அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். ஒன்பது என்றால் எப்படி வேண்டுமானாலும் போகலாம் என்றார். கடைசி வண்டியின் பின்னறையில் தனியாகக் கட்டிப் படுக்கவைக்கலாம். வெட்டி எடுத்தவர்களுக்கு மெதுவாகத்தான் தெரியும் என்பதால் வண்டி கிளம்பியதிலிருந்து அரை மணி பார்க்க வேண்டும். அறையில் ஒரே ஒருவர் கூட இருக்கலாம், கையில் ஆயுதத்தோடு. தானே ஒரு கோடரியை எடுத்து நீட்டினார்.

"பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க. பதில் சொன்னா நம்ம ஆளு. அரை மணி ஆகியும் ஒரு வார்த்தை வரலைன்னா, கண்ணு திறக்கறவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காதீங்க."

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்தாள். "நீதான் இருக்கணும்க்கா" என்றாள். பெரியவள் கோடரியை வாங்கவில்லை. தன் கத்தியையே கையில் வைத்துக்கொண்டு உள்ளே ஏறினாள்.

வண்டி கிளம்பியது. தகர அறை, மேலே ஒரு சின்ன விளக்கு, கம்பியில் மாட்டிய கடிகாரம். மாப்பிள்ளை கண் மூடிக் கிடந்தார். பெரியவள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் எந்த இடம் என்று பார்த்துவைத்துக்கொண்டாள். எங்கே, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

பேச்சுக் கொடுக்க வேண்டும். அவளுக்கோ பேசத் தெரியாது. "மாப்பிள்ளை" என்றாள். பதில் இல்லை. வண்டி எங்கே போகிறது என்று தெரியவில்லை என்றாள். சின்னவள் வண்டியின் முன்பக்கம் பத்திரமாக இருக்கிறாள் என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வது. பத்து நிமிஷம் போனது. பிறகு, அவள் வாயிலிருந்து வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"வாளோட பிடி உடையும்னு எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. அந்தக் கையுறையையும் இன்னொரு தடவை போட்டுக்கச் சொல்லியிருக்கணும். நீங்க மூக்கைச் சுருக்கினதும் எனக்குக் கோபம் வந்துருச்சு. மரியாதைன்னு நினைச்சுக்கிட்டேன். மரியாதை இல்ல அது, கோபந்தான். என்னால உங்க கை போச்சு."

அவர் அசையவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள். சூப்பர்வைசர் கதை, வாசல் காவலாளி ஓடிய கதை, சின்னவள் சின்ன வயதில் பூனைக்குட்டியைப் பள்ளிக்கூடப் பையில் ஒளித்துவைத்த கதை. வாழ்நாளில் பேசியதையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது. கடிகாரம் இருபதைத் தாண்டியது, இருபத்தைந்தைத் தாண்டியது. அவர் உதடுகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. மூச்சு இருந்தது. பேச்சு இல்லை.

இருபத்தெட்டாவது நிமிஷத்தில் அவள் கத்தியைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். கதவுக்கு வெளியே அதிகாரியின் காலடி கேட்டது.

பக்கத்தில் தண்ணீர்க் குடமும், யாரோ ஊற்றிவைத்த ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்தன. வலது கையில் கத்தி இருந்தது. இடது கையால் டம்ளரை எடுத்தாள். விரல் நகங்களுக்குள் அவருடைய ரத்தம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தக் கையோடேயே டம்ளரை அவர் உதட்டில் வைத்தாள். கொஞ்சம் உள்ளே போனது, கொஞ்சம் கன்னத்தில் வழிந்தது. தொண்டை ஏறி இறங்கியது. அதற்கு அர்த்தம் எதுவாகவும் இருக்கலாம். அவள் பழக்கப்படி டம்ளரை எடுத்துக்கொள்ளப் போனாள்.

உதடு அசைந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றார் மாப்பிள்ளை.

டம்ளர் காலியாகியிருந்தது. குடத்தைச் சாய்த்து ஊற்ற இரண்டு கையும் வேண்டியிருந்ததால், பெரியவள் கத்தியைக் கீழே வைத்தாள்.